கிழக்குக் கொட்டகைக்கு மட்டும்

உடுமலை
28 ஜூன் 2025

திருமதி ஆ. அன்புசெல்வி அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை எங்கள் தீவன லாரி டிரைவர் குணா கொண்டுவந்து தருவார். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நாம் எந்தப் பேச்சுக்குப் போய் நிற்போம் என்பது இருவருக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் தொழில் சம்பந்தப்பட்டது. கறிக்கோழித் தீவனத்தில் வழக்கமாகக் கலக்கும் ஆன்டிபயாடிக்கைக் கம்பெனி நிறுத்தப் பார்க்கிறது. அதற்குப் பதிலாகப் பூண்டு, மஞ்சள், ஓமம், கீழாநெல்லி, முருங்கை இலை சேர்ந்த ஒரு பொடியை நான் மூன்று வருடமாகச் சோதித்து வருகிறேன். கோழியின் குடல் கெடாமல், எடை குறையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆய்வகக் கூண்டில் நன்றாக வந்தது. நிஜப் பண்ணையில் ஒரே ஒரு தடவை பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். அதில் தேறாவிட்டால் இந்த வேலையை மூடிவிடுவார்கள்.

கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும் பல்லடம் லைன் பண்ணைகளில் ஒரே அளவில், ஒரே திசை பார்த்து, ஒரே கிணற்றுத் தண்ணீரில் இரண்டு கொட்டகை உள்ளது உங்கள் பண்ணையில் மட்டும்தான். இடத்தைச் சொன்னது சூப்பர்வைசர் ராஜவேல், நான் அல்ல. சோதனைப் பண்ணை கம்பெனி ஆட்களின் உறவினருடையதாக இருக்கக் கூடாது என்பது விதி. ராஜவேல் என்னிடம் கேட்டபோது 'பழக்கமில்லை' என்று சொன்னேன். ஒன்றரை வருடமாகப் பேச்சு இல்லாததால் அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. உங்களிடம் கேட்டாலும் அப்படியே சொல்லவும்.

சம்மதம் என்றால் குணாவிடம் பதில் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
மோகன்ராஜ்


அருள்புரம்
2 ஜூலை 2025

டாக்டர் மோகன்ராஜ் அவர்களுக்கு,

அவர்களுக்கு, இவர்களுக்கு என்று எழுத எனக்கும் வரும்.

பழக்கமில்லை என்று சொன்னீர்களாம். ரொம்பச் சரி. நீங்கள் கால்நடைக் கல்லூரியில் படித்தபோது உங்கள் ரெக்கார்டு நோட்டில் கோழிக் குடலின் படத்தை வளைத்து வளைத்து வரைந்து, வண்ணமும் அடித்துக் கொடுத்தது யாரோ பழக்கமில்லாத ஒருத்தி. பனியன் கம்பெனியில் பூ டிசைன் போட்ட கையால் குடல் வரைந்தவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

எந்தப் பேச்சுக்குப் போய் நிற்போம் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். நானே எழுதிவிடுகிறேன். தமிழ்மதி காதுகுத்துக் கிடா விருந்து. தாய்மாமன் என்று மடியில் உட்காரவைத்துக் காது குத்தினீர்கள். பிறகு பந்தியில், எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி முதலாளி இலையில் ஈரல் வறுவல் விழுந்தது. இரண்டாம் பந்தியில் உட்கார்ந்த உங்கள் மாமனார் இலையில் எலும்பும் குழம்பும் விழுந்தது. நீங்கள் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, "பந்தி வஞ்சனை பண்ற ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஈரல் தீர்ந்துபோயிருந்தது. நடந்தது அவ்வளவுதான். பரிமாறினவன் சமையல்காரரின் ஆள், நான் இல்லை.

கொட்டகை இரண்டும் காலியாகத்தான் கிடக்கிறது. குஞ்சை இறக்கச் சொல்லுங்கள். யார் கேட்டாலும் உங்களை எனக்குத் தெரியாது.

அன்புசெல்வி


உடுமலை
6 ஜூலை 2025

திருமதி அன்புசெல்வி அவர்களுக்கு,

சம்மதத்துக்கு நன்றி. செவ்வாய்க்கிழமை குஞ்சு வரும். இரண்டு கொட்டகைக்கும் ஒரே தீவனம், ஆன்டிபயாடிக் இல்லாதது. லைனில் உள்ள மற்ற பண்ணைகளுக்கும் இந்த முறை இதே தீவனம்தான் போகிறது. உங்களுக்கு மட்டும் தனியாகப் பொடி மூட்டைகள் வரும். ஆலையில் இவ்வளவு சிறிய அளவைக் கலந்து தர முடியாது. நீங்கள்தான் தார்ப்பாயில் தீவனத்தைக் கொட்டிக் கையால் கலக்க வேண்டும்.

பொடி கிழக்குக் கொட்டகைக்கு மட்டும். மேற்குக் கொட்டகைக்கு ஒரு சிட்டிகைகூடப் போகக் கூடாது. அன்னக்கூடை தனி, கை கழுவிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். அங்கே பொடி போய்விட்டால் எதோடு எதை ஒப்பிடுவது?

காதுகுத்து பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பரிமாறினவன் உங்கள் ஆள் இல்லை என்றாலும் பந்தி உங்களுடையது.

மோகன்ராஜ்


அருள்புரம்
18 ஜூலை 2025

டாக்டர் அவர்களுக்கு,

பொடி கலந்து கலந்து என் கை ஓமத் தண்ணீர் பாட்டில் மாதிரி மணக்கிறது. தமிழ்மதி நான் ஊட்டினால் வேண்டாம் என்கிறாள், அப்பாவிடம் ஓடுகிறாள்.

கிழக்குக் கொட்டகைக் குஞ்சுகள் நன்றாகத் தின்கின்றன. எச்சம் உருண்டையாக விழுகிறது. தரையில் விரித்த தேங்காய் நார்த்தூள் உலர்ந்து பொலபொலவென்று இருக்கிறது. மேற்கில் அப்படி இல்லை. முந்தாநாளிலிருந்து தண்ணீராகக் கழிகிறது. நார்த்தூள் ஈரம் கோத்து நாறுகிறது. குஞ்சுகள் படுதா ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒடுங்கி நிற்கின்றன. காலையில் செத்துக் கிடந்தவற்றை ஒரு சாக்கில் அள்ளினேன்.

நான் கிழக்கே பொடி கலந்த தீவனத்தோடு போகும்போது மேற்கிலிருப்பவை வலைக் கம்பிக்கு வந்து எட்டிப் பார்க்கின்றன. அவற்றுக்கு என்ன தெரியும் என்பீர்கள். எனக்குத் தெரிகிறதே.

இப்படியே விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் சோதனையா? என்ன செய்வது என்று எழுதுங்கள். ராஜவேல் அடுத்த வாரம்தான் இந்தப் பக்கம் வருவாராம்.

அன்புசெல்வி


உடுமலை
21 ஜூலை 2025

திருமதி அன்புசெல்வி அவர்களுக்கு,

ஆமாம், அதுதான் சோதனை. எதுவும் செய்ய வேண்டாம். ஈர நார்த்தூளை அள்ளிவிட்டுப் புதியதை விரியுங்கள், படுதாவை ஏற்றிக் காற்று விடுங்கள். இரண்டு கொட்டகைக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள். மருந்தோ வேறெதுவுமோ தர வேண்டாம்.

சில சாகும். அந்தச் சாவையும் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த வித்தியாசத்தைக் காட்டித்தான் நாளை மற்ற பண்ணைகளுக்கு இந்தப் பொடியை வாங்கித் தர முடியும். கருணை என்று பார்த்தால் அதுவும் கருணைதான்.

மோகன்ராஜ்


அருள்புரம்
2 ஆகஸ்ட் 2025

டாக்டர் அவர்களுக்கு,

மேற்கும் சரியாகிவிட்டது. இரண்டு பக்கமும் நல்ல தீனி, நல்ல வளர்ச்சி. ராஜவேல் வந்து இரண்டு பக்கமும் கோழியைப் பிடித்து எடை போட்டுவிட்டு, "என்னங்க அக்கா, கோழியா இது, வான்கோழியா?" என்று கேட்டார். எல்லாரும் என்னை அக்கா என்கிறார்கள், தப்பில்லை.

எங்கள் லைனில் மற்றவர்களுக்கு நேரம் சரியில்லை. தெற்கே நாலைந்து பண்ணையில் கழிச்சல் நிற்கவே இல்லை. ரோட்டில் போனாலே நாற்றம் வருகிறது. அவர்கள் என்னிடம் வந்து என்ன போடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, கம்பெனித் தீவனம்தான் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல நீங்கள்தான் பழக்கினீர்கள்.

பொடியில் கடைசி மூட்டையைப் பிரித்தாயிற்று. கோழி பிடிக்கிற நாள்வரை காணும்.

அன்புசெல்வி


உடுமலை
22 ஆகஸ்ட் 2025

திருமதி அன்புசெல்வி அவர்களுக்கு,

உங்கள் கோழிகள் திங்கள்கிழமை எடை போட்டு ஏற்றப்பட்டன. நேற்று ஜி.எம். அறையில் கூடினோம். முடிவை உங்களுக்குத் தெரிவிப்பது முறை.

கிழக்கு, மேற்கு இரண்டுக்கும் எடையில் வித்தியாசம் இல்லை. குடலை அறுத்துப் பார்த்தோம், அதிலும் வித்தியாசம் இல்லை. முதல் இரண்டு வாரச் சாவு மேற்கில் கொஞ்சம் அதிகம், அதன்பிறகு ஒன்றுமில்லை. இரண்டு கொட்டகையுமே பல்லடம் லைனில் முதலாவதாக வந்திருக்கின்றன. "பொடி தின்னதும் நல்லா இருக்குது, தின்னாததும் நல்லா இருக்குது. அந்தம்மா நல்லா வளத்திருக்காங்க. இதுல பொடிக்கு என்னங்க வேலை?" என்றார் ஜி.எம். விலையும் அதிகம் என்றார்கள், அதுவும் உண்மைதான். புரட்டாசி முடிந்ததும் பழையபடி ஆன்டிபயாடிக் கலந்த தீவனமே எல்லோருக்கும் வரும். அடுத்த மாதத் தொடக்கத்தில் திட்டத்தை முறைப்படி மூடுவார்கள்.

கூண்டில் அத்தனை தடவை வந்தது பண்ணையில் ஏன் வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று வருடம் போனது துக்கமாக இருக்கிறது. இதை உங்களுக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை, எழுதிவிட்டேன்.

உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. இனி இந்த விஷயமாகக் கடிதம் வராது.

மோகன்ராஜ்


அருள்புரம்
25 ஆகஸ்ட் 2025

தம்பி,

அவர்களுக்கு, இவர்களுக்கு எல்லாம் இருக்கட்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொடி வேலை செய்யவில்லை என்று எந்த மடையன் சொன்னது? மேற்குக் கொட்டகை பிழைத்ததே பொடியால்தானே? நீ சும்மா விடு என்று எழுதின கடிதம் வந்த அன்றைக்கே நான் மூட்டையைச் சரிபாதியாகப் பகிர்ந்துவிட்டேன். கிழக்குக்கு அரை, மேற்குக்கு அரை. அதற்கப்புறம் கடைசி வரைக்கும் அப்படித்தான் போட்டேன். மூன்றாம் நாள் மேற்கில் எச்சம் கெட்டிப்பட்டது, ஒரு வாரத்தில் கழிச்சல் சுத்தமாக நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்காரர்கூடக் கேட்டார், "ஏம்புள்ள, உன் தம்பி வேண்டாம்னுதானே எழுதியிருக்கான்?" என்று. ஒரு பக்கம் பரிமாறிவிட்டு இன்னொரு பக்கத்தை வெறும் இலையோடு உட்காரவைக்க என்னால் ஆகாது, நீங்கள் பேசாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் சொன்னால் திட்டுவாய் என்றுதான் சொல்லவில்லை. இரண்டு கொட்டகையும் நன்றாக வந்தால் உனக்கு இரண்டு மடங்கு பேர் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போய் அந்த ஜி.எம்மிடம் சொல். பொடி தின்னாத கோழி என் பண்ணையில் ஒன்றுகூட இல்லை.

அக்கா


உடுமலை
28 ஆகஸ்ட் 2025

அக்கா,

கடிதத்தை லாரிக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். குணா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு மடங்கு பேர்! ஒரு சிட்டிகைகூடக் கூடாது என்று எழுதினேன். படித்தீர்களா இல்லையா? எதோடு எதை ஒப்பிடுவது என்றும் எழுதினேன். மூன்று வருட வேலையை உங்கள் அன்னக்கூடையில் போட்டுக் கலக்கிவிட்டீர்கள். நேரில் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. நல்லவேளை கடிதம்.

நேற்றெல்லாம் கோபமாகத்தான் இருந்தேன். சாயங்காலம் உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். மேற்குக் கொட்டகை பொடி இல்லாமல் கழிந்தது, பொடி போட்டதும் நின்றது. அதே தீவனம் தின்ற தெற்குப் பண்ணைகளில் கடைசிவரை நிற்கவில்லை. இதெல்லாம் அரை அளவிலேயே நடந்திருக்கிறது. அரை அளவு போதுமென்றால் விலையும் பாதிதான். இதை நானாக யோசித்துச் சோதித்திருக்கவே மாட்டேன். எனக்கு ஒரே சமயத்தில் அழுகையும் சிரிப்புமாக வருகிறது.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இது உங்களுக்கு நல்லதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொன்னபடி செய்யாத பண்ணை என்று உங்களுக்குக் குஞ்சு தருவதை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். யோசித்துச் செய்யுங்கள். கம்பெனியோடு ஒட்டுறவு இல்லாத ஒருவர், தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் எழுதித் தருகிறார் என்றால்தான் ஜி.எம். நம்புவார். ஆகவே நாம் யாரென்று இப்போதும் தெரியக் கூடாது. இதை மறக்காதீர்கள்.

மோகன்


அருள்புரம்
31 ஆகஸ்ட் 2025

தம்பி,

கேட்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். குஞ்சு தராவிட்டால் போகிறார்கள். தையல் மிஷின் இருக்கிறது, அருள்புரத்தில் கம்பெனிக்கா பஞ்சம்?

நீ எழுதியதைப் படித்தேனா என்று கேட்டாய். படித்தேன், புரிந்தது. நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. ஆனால் தார்ப்பாயில் பொடியைக் கொட்டும்போதெல்லாம் நீ பந்தியில் எழுந்து நின்று சொன்னதுதான் காதில் கேட்டது. பந்தி வஞ்சனைக்காரி. அந்த விருந்துக்குப் பிறகு சொந்தக்காரர் வீடுகளில் யாராவது என் கையில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இலையைப் பார்க்கிறார்களோ என்று எனக்கு இருக்கும். நீ பேசாமல் போனதைவிட அது எனக்கு வலித்தது. நீயே வந்து 'கிழக்குக்கு மட்டும் போடு, மேற்கைப் பட்டினி போடு' என்று சொன்னால் நான் எப்படிப் போடுவேன்? யார் இலையாக இருந்தால் என்ன?

ராஜவேல் நேற்று வந்து, "டாக்டரை முன்னாடியே தெரியுமாங்க?" என்று கேட்டார். லாரிக்காரர் சொல்லித்தான் அப்படி ஒருவர் இருப்பதே தெரியும் என்றேன். முகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போது ஒருமாதிரி இருந்தது. உன் பொடி பிழைக்கும் என்றால் ஆயிரம் தடவைகூடச் சொல்வேன்.

அக்கா


உடுமலை
8 செப்டம்பர் 2025

அக்கா,

சுருக்கமாக எழுதுகிறேன். திட்டத்தை மூடிவிட்டார்கள்.

நீங்கள் என் உறவு என்பது தெரிந்துபோனது. தம்பியின் பொடியைக் காப்பாற்ற அக்கா எழுதிக் கொடுத்த காகிதம் என்று உங்கள் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அரை அளவு பற்றி நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

என்னை ஆய்வகத்திலிருந்து எடுத்து மக்காச்சோளக் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். சோளத்தில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கும் வேலை. சம்பளம் அதேதான். உங்களுக்குக் குஞ்சு வருவது நிற்காது, அதை மட்டும் கேட்டு வாங்கிவிட்டேன். நல்ல பண்ணையை விட அவர்களுக்கும் மனசில்லை.

மோகன்


அருள்புரம்
11 செப்டம்பர் 2025

தம்பி,

யார் சொன்னது?

எனக்கு அது தெரிந்தாக வேண்டும். குணாவை லாரியிலிருந்து இறக்கி, ரோட்டில் நிறுத்திவைத்துக் கேட்டேன். "பழனியாண்டவர் மேல சத்தியமா நான் இல்லீங்க அக்கா" என்று அழாத குறையாகச் சொன்னார். ராஜவேலுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. எனக்கு அவர் மேல்தான் சந்தேகம். அன்றைக்கு அவர் வந்து கேட்ட கேள்வியே சரியில்லை. ஒருவேளை தெற்குப் பண்ணைக்காரர்கள் பொறாமையில் சொன்னார்களா? காதுகுத்துக்கு வந்தவர்கள் அதில் இரண்டு பேர் உண்டு.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீட்டுக்காரரையும் இருக்கச் சொன்னேன். நீயும் கஷ்டப்பட்டு ஒன்றரை வருடம் யாரோவாக இருந்தாய். இன்னும் ஒரு நாள் யாரோவாக இருந்திருந்தால் உன் மூன்று வருடம் வீண் போயிருக்காது. படித்த படிப்புக்குச் சோளமா பார்ப்பது? எனக்கு வயிறு எரிகிறது.

அவன் பெயரை மட்டும் எழுது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


உடுமலை
14 செப்டம்பர் 2025

அக்கா,

குணாவை விட்டுவிடுங்கள். ராஜவேலுக்கும் இனிப் போன் செய்ய வேண்டாம். அவர்கள் யாரும் சொல்லவில்லை.

அன்று ஜி.எம். உங்கள் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "வெளியாளு ஒருத்தர், தனக்குத்தான் கெடுதல்னு தெரிஞ்சும் எழுதித் தர்றாங்க. இதை நம்பலாம்" என்றார். அடுத்து மூன்று பண்ணைகளில் அரை அளவு போட்டுப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் முடிந்தமாதிரிதான். அப்போது உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே, பெரிய சந்தேகம் ஒன்றுமில்லாமல், பேச்சுவாக்கில்தான் கேட்டார்: "ஆமா டாக்டர், இந்தம்மா உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அக்கா வேணுமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

மோகன்